கிளட்ச் பிரஸ்ஸா, அப்ளிகேட்டர் பிரஸ்ஸா? செட்டிங் பார்க்கிறவன் கணக்கு

வெட் கிரைண்டர் ஒன்று திரும்பி வந்திருந்தது. ஸ்விட்சைக் கழற்றினால் ஒரு ஸ்பேட் டெர்மினலின் (ஒயர் முனையில் அழுத்திப் பொருத்தும் தட்டைப் பித்தளைத் துண்டு) உறை உருகி, பித்தளை கறுத்துக் கிடந்தது. ஒயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நாங்கள் அடித்த டெர்மினல்தான். டெர்மினலை ஒயரில் அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் முறையை மாற்றியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

கோவையில் கிரைண்டர், மோட்டார்களுக்கு ஒயர் செட் போடும் சின்னப் பட்டறை எங்களுடையது. பெரும்பாலும் 0.75 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், அதாவது 0.2 மி.மீ. இழை 24. டெர்மினல் 6.3 மி.மீ. ஸ்பேட். எனக்கு இரண்டு வழி இருந்தது: கிளட்ச் பிடித்தால் ஃப்ளைவீல் சுழற்சியில் இறங்கி அடிக்கும் பழைய கிளட்ச் பிரஸ்ஸுக்குப் புது டை (அழுத்தும் அச்சு) போடுவது, இல்லையென்றால் 2 டன் பிரஸ்ஸும் ஓடிபி அப்ளிகேட்டரும் வாங்குவது. (பாங்க்காரர்கள் அனுப்பும் ஓடிபி இல்லை, இது அப்ளிகேட்டர் வகையின் பெயர். அப்ளிகேட்டர் என்பது பிரஸ்ஸில் மாட்டிக் கழற்றும், டெர்மினலை ஊட்டி அடிக்கும் அச்சு செட்.) கைக் கிரிம்பரை இதில் சேர்க்கவில்லை. சர்வீஸ் பைக்குச் சரி, நாள் முழுக்க அழுத்தினால் மணிக்கட்டு போய்விடும்.

வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒயரை வைக்கிற கையைப் பொறுத்தது. புதியதில் சத்தம் குறைவு. விலையில் பழையதுக்கே வெற்றி. டை செலவு புது மெஷினில் நாலில் ஒரு பங்குகூட வராது.

ஆனால் கிரிம்பிங்கில் கடைசியில் எல்லாம் அடித்த இடத்தின் உயரத்தில்தான் போய் நிற்கும். உயரம் கூடினால் இழைகளுக்கு நடுவே இடைவெளி நின்று சூடேறும். குறைந்தால் இழை நசுங்கி அறும். இழுத்துப் பார்த்தால் இரண்டுமே சீக்கிரம் கழன்றுவிடும், நடுவில் ஓர் இடத்தில்தான் பிடி முழுசாக இருக்கும். எங்கள் டெர்மினலுக்கு அது 1.50 மி.மீ., கூட்டல் கழித்தல் 0.05. சாதாரண வெர்னியரில் அளந்தால் அடியில் இருக்கும் பிசிறில் முட்டித் தப்பாகக் காட்டும். ஒரு பக்கம் கூர்முனை, மறுபக்கம் மெல்லிய தகடு வைத்த கிரிம்ப் மைக்ரோமீட்டர் வேண்டும்.

பழைய பிரஸ்ஸில் உயரத்தை மாற்ற ராம் (இறங்கி அடிக்கும் பாகம்) திருகு ஒன்றுதான் வழி. லாக் நட்டைத் தளர்த்து, கொஞ்சம் இறக்கு, ஒன்று அடி, அளந்து பார். சரியாக வந்ததும் நட்டை இறுக்கினால் அந்த இறுக்கத்திலேயே கொஞ்சம் நகர்ந்திருக்கும். இன்னொரு தொல்லை, டெர்மினலில் செம்பைப் பிடிக்கும் இறக்கையும் ஒயரின் பிளாஸ்டிக் உறையைப் பிடிக்கும் இறக்கையும் ஒரே டையில் அடிபடுவது. செம்புக்குச் சரி செய்தால் உறை நசுங்கும். டெர்மினல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமும் ஒரு பிடி டெர்மினலும் போகும்.

புதியதில் பிரஸ்ஸின் ஷட் ஹைட்டை (ராம் முழுசாக இறங்கி நிற்கும்போது கீழ்த் தட்டிலிருந்து அதற்குள்ள உயரம்) 135.8 மி.மீ.க்கு ஒருமுறை கேஜ் வைத்து நிறுத்திவிட்டால் அப்புறம் தொடவே கூடாது. இந்த வகை அப்ளிகேட்டர்கள் அந்த அளவுக்கென்றே செய்யப்படுபவை. மேலே இரண்டு டயல், செம்புக்கு ஒன்று, உறைக்கு ஒன்று. கரண்ட்டை நிறுத்தி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி எதுவும் முட்டவில்லை என்று பார்த்த பிறகு, முதலில் செம்பு, அப்புறம் உறை. எந்த ஒயருக்கு எந்த எண் என்று சுவரில் அட்டை தொங்குகிறது. கழற்றி மறுபடி மாட்டினாலும் அதே எண்ணில் அதே உயரம் வருகிறது.

ஒருநாள் பையன் வந்து, "அண்ணா, உயரம் 1.41க்கு வந்துருச்சு, ராமைக் கொஞ்சம் ஏத்திரட்டுமா?" என்றான். வேண்டாம் என்று சொல்லி அப்ளிகேட்டரைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நகம் வெட்டிப் போட்டது மாதிரி பித்தளைத் துணுக்கு. பிரஷ்ஷால் தள்ளி மாட்டியதும் 1.50. பழைய மெஷினாக இருந்தால் திருகைத்தான் திருப்பியிருப்போம், துணுக்கு அங்கேயே கிடந்திருக்கும்.

செலவு இல்லாமல் இல்லை. டெர்மினல் மாறினால் தனி அப்ளிகேட்டர் வேண்டும். கீழ்ப் பல்லும் மேல் பல்லும் தேய்ந்தால் ஜோடியாக வாங்க வேண்டும். பழைய டையை உள்ளூர் டூல் ரூமிலேயே தீட்டிக்கொள்ளலாம். மாதம் ஐந்தாறு வகை டெர்மினலை நூறு நூறாக அடிப்பவருக்கு இந்தக் கணக்கு உதைக்கும். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு மோட்டாரில் ஓடும் சர்வோ பிரஸ்ஸை நண்பர் பட்டறையில் இரண்டு நாள்தான் ஓட்டினேன். உயரத்தை பேனலில் எண்ணாகப் போடுவது சுகமாகத்தான் இருந்தது, ஆனால் பராமரிப்பு பற்றிச் சொல்ல இரண்டு நாள் போதாது.

பழைய பிரஸ்ஸை விற்கப் போனால் இரும்பு விலைக்குத்தான் கேட்டார்கள். மூலையில் எர்த் ஒயர் முனையில் போடும் லக்குக்கு ஒரே டையை மாட்டி ஓட்டுகிறோம். லாக் நட்டின் மேல் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன், யாரும் திருகினால் தெரியும்.