ஒரே கிளிக்கா, கையாலா? ஷேர்டு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்

ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் ஓர் இடம்) வாங்கி, அதை நிர்வகிக்கும் சிபேனலைத் திறந்தால், கீழே எங்காவது சாஃப்டாகுலஸ் என்ற நிறுவி இருக்கும். ஒரே கிளிக்கில், இரண்டு நிமிடத்தில், வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஏறிவிடும். அப்புறம் எதற்குக் கையால் நிறுவ வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். இரண்டையும் பலமுறை செய்தவன் என்ற முறையில் என் பதில்: முதல் தளத்தைக் கையால் நிறுவுங்கள், இரண்டாவதிலிருந்து கிளிக் போதும்.

கிளிக் வழியில் ஆபத்தே அதன் சுலபம்தான். படிவத்தில் ஏற்கெனவே நிரப்பியிருப்பதை யாரும் படிப்பதில்லை. டைரக்டரி என்ற கட்டத்தில் பல இடங்களில் 'டபிள்யூபி' என்று போட்டிருக்கும். அதை அழிக்காமல் விட்டால் தளம் உங்கள் முகவரியில் திறக்காது, முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'டபிள்யூபி'யும் சேர்த்தால்தான் திறக்கும். நிர்வாகி பெயர் 'அட்மின்' என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள். கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் முதலில் தட்டிப் பார்க்கும் பெயர் அதுதான். கூடவே சில பிளகின்களுக்கு (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) டிக் போட்டிருக்கும், வேண்டாதவற்றை எடுத்துவிடுங்கள்.

கையால் நிறுவுவது பெரிய வித்தை இல்லை. வேர்ட்பிரஸின் ஜிப் கோப்பை சிபேனலின் ஃபைல் மேனேஜரில் ஏற்றி அங்கேயே விரியுங்கள். கணினியில் விரித்துவிட்டு, கோப்பு அனுப்பும் வழியான எஃப்டிபியில் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை அனுப்பினால், டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. விரித்ததும் எல்லாம் 'வேர்ட்பிரஸ்' என்ற உறைக்குள் (ஃபோல்டர்) உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருப்பவற்றை, தளத்தின் கோப்புகள் இருக்க வேண்டிய பப்ளிக் ஹெச்டிஎம்எல் உறைக்கு நகர்த்த வேண்டும்.

அடுத்தது, பதிவுகள் எல்லாம் சேமிக்கப்படும் டேட்டாபேஸ். முதல்முறை செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். நீங்கள் ஆங்கில எழுத்தில் 'வலை' என்று பெயர் கொடுத்தால், சிபேனல் அதன் முன்னால் உங்கள் கணக்குப் பெயரையும் ஓர் அடிக்கோட்டையும் ஒட்டிவிடும். நிறுவும்போது அந்த முழுப் பெயரைத்தான் தர வேண்டும். பயனரை உருவாக்கினால் மட்டும் போதாது, அவரை அந்த டேட்டாபேஸில் சேர்த்து எல்லா அனுமதிகளும் தர வேண்டும். இதில் ஒன்றை மறந்தாலும் 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்ற வெள்ளைப் பக்கம்தான் மிச்சம்.

இவ்வளவு சிரமம் எதற்கு? அதே வெள்ளைப் பக்கம் இரண்டு வருடம் கழித்தும் வரும். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருப்பார்கள், அல்லது நீங்கள் ஹோஸ்ட் மாறியிருப்பீர்கள். கையால் நிறுவியவர் நேரே டேட்டாபேஸ் விவரங்கள் இருக்கும் 'டபிள்யூபி கான்ஃபிக்' கோப்பைத் திறந்து நாலு வரியைப் பார்ப்பார். கிளிக்கில் நிறுவியவருக்கு அப்படியொரு கோப்பு இருப்பதே தெரியாது.

ஒருமுறை பழைய தளம் ஒன்றைப் புது ஹோஸ்டுக்கு மாற்றினேன். கட்டுரைகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. புது இடத்தில் அட்டவணைகள் லத்தீன்1 எழுத்துக் குறிமுறையில் உருவாகியிருந்தன, தமிழுக்கு அதில் இடமே இல்லை. கேள்விக்குறியானது திரும்பி வராது. நல்லவேளை, மூலக் கோப்பு கையில் இருந்தது. அட்டவணைகளைத் தமிழையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 குறிமுறைக்கு மாற்றி மறுபடி ஏற்றினேன். புதிதாக நிறுவும்போது இந்தத் தொல்லை அநேகமாக இராது, இரண்டு வழியும் ஒன்றுதான்.

மூன்றாவது வழி டபிள்யூபி-சிஎல்ஐ, வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவி. எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியே உள்ளே போய் மூன்று நான்கு கட்டளைகளில் முடித்துவிடலாம். எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஆனால் மலிவான திட்டங்கள் பலவற்றில் எஸ்எஸ்ஹெச் கிடைக்காது.

வேர்ட்பிரஸுக்குப் பதில் அதே வகை மென்பொருளான ட்ரூபல் போடலாமா? ஷேர்டு ஹோஸ்டிங்கில் நான் போடமாட்டேன். இன்றைய ட்ரூபலை நிறுவப் பரிந்துரைக்கப்படும் வழி கம்போசர் (தேவையான நிரல் தொகுப்புகளை இறக்கித் தரும் கருவி). அது போடும் அமைப்பில் தளம் 'வெப்' என்ற உள் உறையிலிருந்து இயங்கும், முதன்மை டொமைனோ பப்ளிக் ஹெச்டிஎம்எல்லையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டையும் பொருத்துவதற்குள் கிளிக்கில் பத்து வேர்ட்பிரஸ் ஏற்றிவிடலாம்.

எந்த வழியில் நிறுவினாலும் முதல் பதிவை வெளியிடும் முன் பெர்மாலிங்கை, அதாவது பதிவின் நிலையான முகவரியை, பாருங்கள். தமிழ்த் தலைப்பு முகவரியாகும்போது ஒவ்வொரு யுனிகோட் குறியீடும் 9 எழுத்தாக விரியும், ஸ்லக்கின் (முகவரியில் தலைப்பு வரும் பகுதி) எல்லை 200 எழுத்து. 'கி' என்பதே இரண்டு குறியீடு. ஆக 22 குறியீட்டுக்கு மேல் போனால் முகவரியில் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். நான் ஸ்லக்கை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகத் தட்டிவிடுகிறேன்.