வெளிநாட்டில் வாடகைத் தாய் மூலம் குழந்தை: கோர்ட் தீர்ப்பு வேண்டுமா, பிறப்புச் சான்றிதழ் போதுமா?

எந்த நாடு, எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகு கையில் வரும் காகிதம் என்ன வகை, சொந்த நாட்டுக்குத் திரும்பியதும் அது செல்லுமா என்று பேசத்தான் ஆளில்லை. நானும் என் மனைவியும் இந்தத் தேர்வைச் செய்து முடித்தவர்கள். நாங்கள் போனது கலிஃபோர்னியாவுக்கு. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நாடுகள் பல இருந்தாலும் காகித விஷயத்தில் வழிகள் இரண்டுதான். முதலாவதைத் தீர்ப்பு வழி என்று வைத்துக்கொள்வோம். கர்ப்ப காலத்திலேயே நீதிமன்றத்தில் மனு போட்டு, பிறக்கப்போகும் குழந்தைக்கு இவர்கள்தான் பெற்றோர் என்று தீர்ப்பு வாங்குவது. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே குடும்பச் சட்டத்தில் 7962ஆம் பிரிவு இருக்கிறது, 2013 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகைத் தாய்க்கும் பெற்றோருக்கும் தனித்தனி வக்கீல் இருக்க வேண்டும். ஒப்பந்தம் நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். அது முடியும்வரை கரு வைப்பது இருக்கட்டும், அதற்கான ஊசி மருந்தைக்கூடத் தொடங்கக் கூடாது.

இரண்டாவது பதிவு வழி. காகசஸ் நாடான ஜார்ஜியாவிலும் உக்ரைனிலும் நடப்பது இது. அங்கே சட்டமே உங்களைப் பெற்றோர் என்று சொல்லிவிடுகிறது. வாடகைத் தாயின் சம்மதக் கடிதத்தையும் மருத்துவமனை தரும் ஆவணங்களையும் கொண்டுபோய்ப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தால், உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ் வந்துவிடும். நீதிபதி யாரும் குறுக்கே வருவதில்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கா பல மடங்கு அதிகம், எல்லோருக்கும் தெரியும். யாருக்கு அனுமதி என்பதும் சுருக்கமான விஷயம்தான். ஜார்ஜியாவும் உக்ரைனும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த ஜோடிகளை மட்டுமே ஏற்கின்றன, அதிலும் உக்ரைனில் திருமணம் ஆகியிருக்க வேண்டும். வேகம் என்று பார்த்தால் பதிவு வழிக்கே மதிப்பெண்: அலுவலகம் திறந்திருந்தால் சில நாட்களில் சான்றிதழ் கையில். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் பதிவு வழிதான் நல்லது என்று தோன்றும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் மனதை மாற்றியது ஜெர்மனியின் இரண்டு தீர்ப்புகள். நீங்கள் எந்த நாட்டில் வசித்தாலும் இந்த இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. 2014 டிசம்பரில் அந்நாட்டு உச்ச சிவில் நீதிமன்றத்துக்கு முன் வந்தது ஓர் ஆண் ஜோடியின் வழக்கு. கலிஃபோர்னிய வாடகைத் தாய், தானமாகப் பெற்ற கருமுட்டை, ஜோடியில் ஒருவரின் விந்து. ஜெர்மனியில் வாடகைத் தாய் சிகிச்சைக்கே அனுமதி இல்லை. இருந்தும் நீதிமன்றம் இருவரையும் பெற்றோராகப் பதியச் சொன்னது. காரணம், அவர்கள் கையில் ஒரு கலிஃபோர்னிய நீதிமன்றத்தின் தீர்ப்பு இருந்தது. வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பை அங்கீகரிக்க ஜெர்மன் சட்டத்தில் தனி வழி உண்டு. அடிப்படைச் சட்ட ஒழுங்குக்கு முரணாக இல்லாவிட்டால் அது செல்லும்.

அடுத்தது 2019 மார்ச். இந்த முறை ஒரு ஜெர்மன் தம்பதி, உக்ரைனில் பிறந்த குழந்தை. கணவரின் விந்து, மனைவியின் கருமுட்டை, அதாவது மரபணுப்படி முழுக்க முழுக்க அவர்கள் குழந்தை. உக்ரைன் சான்றிதழில் இருவர் பெயரும் இருந்தது. இருந்தும் மனைவியைத் தாயாக ஏற்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிறப்புப் பதிவு என்பது நீதிமன்ற முடிவு ஆகாது, அதனால் அங்கீகரிக்கும் வழியில் அதைக் கொண்டுவர முடியாது, ஜெர்மன் சட்டப்படி பெற்றெடுத்தவரே தாய் என்று முடிந்தது. சொந்தக் கருமுட்டையில் உருவான குழந்தையை அந்தப் பெண் தத்தெடுத்துத்தான் தாயாக முடியும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரபணு உறவு குறைவாக இருந்த ஜோடி தப்பித்தது, முழுதாக இருந்த ஜோடி மாட்டிக்கொண்டது. வித்தியாசம் காகிதத்தின் வகையில்தான். நாங்கள் கூடுதல் பணம் கொடுத்ததும் இதற்குத்தான், மருத்துவமனையின் பளபளப்புக்கு இல்லை.

தத்தெடுத்தால் போயிற்று, அதிலென்ன என்று கேட்கலாம். சரி, அதையும் பார்ப்போம். ஜெர்மன் சட்டத்தில் பெற்ற தாயின் சம்மதத்தைக் குழந்தைக்கு எட்டு வாரம் ஆகும் முன் வாங்க முடியாது. அந்தச் சம்மதமும் நோட்டரி வழியாகத்தான் பதிவாக வேண்டும். நீங்கள் குழந்தையோடு வீடு திரும்பியிருப்பீர்கள், வாடகைத் தாய் வேறொரு நாட்டில் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகவரி மாறலாம், ஏஜென்சி மூடப்படலாம், இன்னொரு கையெழுத்து எதற்கு என்று அவர் தயங்கலாம். அதுவரை தாய் என்ற இடத்தில் சட்டப்படி உங்கள் மனைவி இல்லை. மருத்துவமனையில் சம்மதக் கையெழுத்து, பள்ளிச் சேர்க்கை, திடீரென்று கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தை யார் பொறுப்பு என்ற கேள்வி, எல்லாமே அந்தரத்தில் நிற்கும். தீர்ப்பு வழியில் வாடகைத் தாயின் எல்லாக் கையெழுத்தும் பிரசவத்துக்கு முன்பே, அவருடைய வக்கீல் பக்கத்தில் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. பின்னாளில் அவரைத் தேடிப் போகும் தேவை பெரும்பாலும் வராது.

ஆனால் தீர்ப்பு என்றால் எந்தத் தீர்ப்பும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வரியில் "இவர்கள் பெற்றோர்" என்று மட்டும் எழுதிய உத்தரவு சொந்த நாட்டில் கேள்விகளை வரவழைக்கும். வாடகைத் தாய் தன் விருப்பத்தோடு சம்மதித்தார், அவருக்குத் தனி வக்கீல் இருந்தார், பெற்றோரில் இன்னாருக்கு மரபணு உறவு உண்டு என்ற விவரங்கள் தீர்ப்பின் உடலிலேயே இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். 2014 வழக்கில் வாடகைத் தாயின் விருப்பத்தையும் மரபணு உறவையும் நீதிமன்றம் எடைபோட்டது. இன்னொன்று, குழந்தை பிறக்கும் முன் வாங்கும் தீர்ப்பில் குழந்தையின் பெயர் இருக்காது. வாடகைத் தாயின் பெயரையும் எதிர்பார்க்கும் தேதியையும் வைத்துத்தான் குழந்தையை அடையாளம் சொல்வார்கள். அதனால் தீர்ப்பையும் பிறப்புச் சான்றிதழையும் எப்போதும் ஜோடியாகவே காட்ட வேண்டும். இந்தக் கோப்பு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்காது. அங்கே இருக்கும்போதே சான்றளித்த நகல்களைத் தாராளமாக வாங்கி, இரண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்டும் அரசுச் சான்று) போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். ஊருக்கு வந்த பிறகு நகலுக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பது பெரிய தொல்லை.

இப்போது என் கட்சிக்கு எதிரான பக்கம். பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு மேலே சொன்ன வாதம் பாதிதான் பொருந்தும். அங்கே குழந்தை உலகின் எந்த மூலையில் பிறந்தாலும் பெற்றெடுத்தவரே சட்டப்படி தாய். கலிஃபோர்னியத் தீர்ப்பைக் காட்டினாலும் அது மாறாது. செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய அந்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி பெற்றோர் ஆணை என்ற ஒன்றை பிரிட்டன் நீதிமன்றத்தில் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம், 2014க்குப் பிறகு நீதிமன்றங்கள் அந்தக் கெடுவில் கண்டிப்பாக இல்லை. வாடகைத் தாயின் சம்மதம் குழந்தைக்கு ஆறு வாரம் ஆன பிறகு கொடுத்ததாக இருக்க வேண்டும். எப்படியும் இந்தப் படி உண்டு என்பதால் பிரிட்டன்வாசிகள் தீர்ப்புக்காக மட்டும் அதிகம் செலவழிப்பதில் அர்த்தம் குறைவு. அவர்கள் பார்க்க வேண்டியது, ஆறு வாரத்துக்குப் பிறகும் வாடகைத் தாயைத் தொடர்புகொள்ள முடியுமா என்பதைத்தான்.

இத்தாலிக்காரர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். 2024இல் வந்த சட்டப்படி வெளிநாடு போய் வாடகைத் தாய் முறையில் குழந்தை பெற்றாலும் குற்றம். முதல் வக்கீல் சந்திப்பு சொந்த நாட்டில்தான் இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடுத்து பாஸ்போர்ட். குழந்தை எந்த நாட்டின் குடிமகன் என்பது தெளிவாகும்வரை விமானம் ஏற முடியாது. 2008இல் இந்தியாவில் நடந்த இரண்டு சம்பவங்கள் நினைவிருக்கலாம். ஜப்பானிய அப்பாவுக்குப் பிறந்த மஞ்சி என்ற பெண் குழந்தை, பெற்றோர் பிரிந்ததால் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு குஜராத்தில் ஒரு ஜெர்மன் தம்பதிக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகளின் விஷயம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2010இல்தான் அவர்களால் வெளியேற முடிந்தது. மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்ற விதி இருக்கும் நாட்டில் இந்தச் சிக்கல் வராது. அமெரிக்காவும் கனடாவும் அப்படிப்பட்டவை. பிறந்த ஊர்ப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பி, மற்றதை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஜார்ஜியாவில் பிறந்த குழந்தைக்குப் பொதுவாக உங்கள் நாட்டுத் தூதரகம் பயண ஆவணம் தந்தால்தான் வழி. தூதரகம் டி.என்.ஏ. பரிசோதனை கேட்டால் காத்திருப்பு நீளும்.

இந்த அமெரிக்கச் சலுகையிலும் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. பெற்றோர் தற்காலிக விசாவில் இருந்தால் பிறப்பால் குடியுரிமை இல்லை என்று சொல்லும் நிர்வாக ஆணை 2025 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்டது. உடனே வழக்குகள் பாய்ந்தன, நீதிமன்றங்கள் தடுத்தன. எங்கள் காலத்தில் இந்தக் கவலை இல்லை. இப்போது திட்டமிடுபவர்கள் அன்றைய நிலவரத்தை வக்கீலிடம் கேட்டுவிட்டே முன்பணம் கட்ட வேண்டும்.

இந்தியக் குடிமக்களுக்கு இதிலேயே ஒரு தனிச் சிக்கல். வெளிநாட்டில் பிறந்த குழந்தை வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை பெற, ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். அப்போது குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். அமெரிக்கச் சட்டமோ தன் குடிமகன் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒன்றாக நிறைவேற்ற முடியாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியாவில் குழந்தை வெளிநாட்டவர்தான், விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் அட்டை) வேண்டும். எது வேண்டும் என்பதைப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பும் முன் முடிவு செய்யுங்கள்.

கனடா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்டாரியோவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, கருத்தரிக்கும் முன் எழுத்தில் ஒப்பந்தமும் வாடகைத் தாய்க்குத் தனிச் சட்ட ஆலோசனையும் இருந்தால், குழந்தைக்கு ஏழு நாள் ஆன பிறகு அவர் தரும் எழுத்துச் சம்மதத்தோடு நீதிமன்றம் போகாமலேயே பதிவு முடியும். அங்கே வாழ்பவர்களுக்கு அது போதும். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் அதோடு நிற்காமல் நீதிமன்றத்தில் பெற்றோர் அறிவிப்பு உத்தரவையும் கேட்டு வாங்கலாம், சட்டத்தில் இடம் உண்டு. அமெரிக்கச் செலவு தாங்காது, ஆனால் தீர்ப்பு வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2024 ஜனவரி 11 முதல் கனடாவும் அப்போஸ்டில் ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டதால் முத்திரை வேலையும் எளிதாகிவிட்டது. வாடகைத் தாய்க்கு ஊதியம் தருவது அங்கே குற்றம், செலவுகளை மட்டுமே ஈடுகட்டலாம். அதனால் முன்வருபவர்கள் குறைவு, காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

ஜார்ஜியாவைப் பற்றி நான் சொல்வது அங்கே போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டதும் சட்டத்தைப் படித்ததும் மட்டுமே. குறை சொல்லாதவர்களும் உண்டு, குறிப்பாகச் சொந்த நாடு பிறப்புச் சான்றிதழை அப்படியே ஏற்கும் பட்சத்தில். ஆனால் கதவு எப்போது மூடும் என்பது தெரியாத பயம் எனக்கு உண்டு. 2023இல் வெளிநாட்டவருக்குத் தடை கொண்டுவரப்போவதாக அந்த அரசே அறிவித்தது. தாய்லாந்தும் நேபாளமும் 2015இலும், கம்போடியா 2016இலும், ரஷ்யா 2022இலும் வெளிநாட்டவருக்குக் கதவடைத்தன.

கடைசியாக ஒன்று, இது இரண்டு வழிக்கும் பொது. வாடகைத் தாய்க்குத் திருமணம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மன் சட்டத்தில் பெற்றெடுத்தவரின் கணவரே தந்தை என்று தொடங்குகிறார்கள். பிரிட்டனிலும் கணவர் சம்மதித்திருந்தால் அவர்தான் சட்டப்படி தந்தை. அப்போது உண்மையான அப்பா பிரிட்டிஷ்காரராக இருந்தாலும் குடியுரிமை தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திருமணம் ஆகாதவராக இருந்தால் அந்த முடிச்சு பெரும்பாலும் விழுவதே இல்லை. ஏஜென்சி அனுப்பும் விவரத் தாளில் இது ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். வயது, ரத்த வகை, முந்தைய பிரசவம் எல்லாவற்றையும் கேட்கும்போது இதையும் கேட்டுவிட்டு, பதிலை உங்கள் ஊர் வக்கீலுக்கு அனுப்பிய பிறகு சம்மதம் சொல்லுங்கள்.