பழைய பிக்கப்பில் ஸ்டெப்னி: சேஸிஸுக்கு அடியிலா, கேபினுக்குப் பின்னாலா?

பழைய பிக்கப் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஸ்டெப்னியின் இடத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. பின் அச்சுக்குப் பின்னால், சேஸிஸுக்கு அடியில், கம்பெனி தொங்கவிட்ட இடத்திலேயே அது கிடக்கும். என்னுடையது 2008 மாடல், நாகப்பட்டினத்தில் மீன் பெட்டி ஏற்றும் வண்டி. அதில் ஸ்டெப்னியை மேலே எடுத்து, பாடிக்குள் கேபினை ஒட்டி நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கி செய்து பொருத்திவிட்டேன். இரண்டு விதமாகவும் வைத்து ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்: உப்பும் ஈரமும் படும் பழைய வண்டிக்கு மேலே வைப்பதுதான் சரி.

அடியில் வைப்பதன் நன்மைகள் தெரிந்தவைதாம். லோடுக்கு முழு இடமும் கிடைக்கும், டயரில் வெயில் படாது, எடையும் தாழ்வாக இருக்கும். புது வண்டிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

வயதாக ஆகத்தான் துரு கணக்கை மாற்றிவிடுகிறது. அடியில் இருக்கும் ஸ்டெப்னியைத் தாங்குவது ஒரு சிறிய வின்ச். ஒரு சங்கிலி, அதன் முனையில் ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழைந்து நிற்கும் ஒரு தட்டு, பின்னாலிருந்து நீளக் கம்பியை விட்டுச் சுழற்ற ஒரு பல்சக்கரம், அவ்வளவுதான். பின் சக்கரங்கள் வாரி இறைக்கும் சேறும் நீரும் முழுக்க இதன்மேல்தான் படுகின்றன. மீன் வண்டி என்றால் பெட்டிகளில் பனிக்கட்டி உருகி வழியும் உப்புநீரும் தரை இடுக்கு வழியாக அதன்மேலேயே சொட்டும். மாதக்கணக்கில் யாரும் தொடாத பல்சக்கரம் இறுகிவிடுகிறது. பஞ்சரான அன்று கம்பியைச் சுழற்றினால் அசையாது, அல்லது கம்பி மட்டும் வழுக்கிச் சுற்றும்.

அப்போது ஓட்டுநருக்கு மிஞ்சும் ஒரே வழி வண்டிக்கு அடியில் படுத்துச் சங்கிலியை வெட்டுவது. பின் சக்கரம் பஞ்சராகி, லோடும் இருந்தால், வண்டியின் பின்புறம் தாழ்ந்து டயரை வெளியே இழுக்க இடைவெளியே இருக்காது. முதலில் ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில், இருட்டில், லாரிகள் சீறிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் ஒருவர் தலையை நீட்டுவதை என்னால் ஏற்க முடியாது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்.

துரு இன்னும் மோசமாகவும் போகலாம். 2009 நவம்பரில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 2000 முதல் 2003 வரையிலான டன்ட்ரா பிக்கப்களில் சுமார் 1,10,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் பின் குறுக்குச் சட்டம் அரித்து, அதில் பொருத்திய ஸ்டெப்னி ஓடும்போதே சாலையில் விழலாம் என்பது ஒரு காரணம். 2012இல் அதே நிறுவனத்தின் 2001–2004 டகோமா பிக்கப்களில் சுமார் 1,50,000, டயரைத் தாங்கும் தட்டு அரிப்பதால் அழைக்கப்பட்டன. அங்கே சாலை உப்பு, இங்கே கடல் உப்பு. இரும்பை இரண்டும் ஒரே மாதிரிதான் தின்னும்.

மேலே வைப்பதற்கும் விலை உண்டு. 15 அங்குல ரிம்மில் 215 மி.மீ. அகல டயர் நின்றால், தாங்கியோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 10 அங்குல நீளம் பாடியில் போகிறது. எனக்கு ஒரு பெட்டி குறைகிறது. தினமும் பாடி நிறைய ஏற்றிக் கூலிக்கு ஓட்டுபவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. வெயிலில் ரப்பரில் வெடிப்பு விழும் என்பதால் கேன்வாஸ் உறை கட்டாயம். திருட்டுக்கும் பயப்பட வேண்டும்; ஒரு போல்ட்டில் பூட்டு போட்டிருக்கிறேன். கம்பி கிடைத்தால் அடியில் இருப்பதையும் இறக்கிக்கொண்டு போகலாம் என்பதால், இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

தாங்கியை இடது மூலையில் வையுங்கள். சாலையோரத்தில் நின்றபடியே டயரை இறக்கலாம், ஓட்டுநருக்குக் கேபின் பின் கண்ணாடியும் மறையாது. பாடித் தகட்டில் மட்டும் வெல்டிங் வைத்தால் குலுங்கிக் குலுங்கிக் கிழியும். தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சமவெளிச் சாலைகளில் என்னுடையது அசையாமல் நிற்கிறது. மலைப்பாதைக் குலுக்கலை எப்படித் தாங்கும் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை.

டயரைப் பாடித் தரையில் படுக்க வைத்தால் லோடு முழுவதையும் இறக்காமல் எடுக்க முடியாது. கேபின் மேல் கேரியரில் வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ரிம்மோடு இருபது கிலோவுக்கு மேல் வரும் டயரைத் தனி ஆளாகத் தலைக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து.

உள்நாட்டில், காய்ந்த சாலைகளில் ஓடும் வண்டி என்றால் அடியிலேயே இருக்கட்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக்க இறக்கி, சங்கிலியைக் கழுவி, பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, திரும்ப ஏற்றுங்கள். வால்வு மேல்பக்கம் பார்த்திருந்தால் காற்றுப் பார்க்கவும் வேறு வழியில்லை. பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் அப்போதே பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் ஸ்டெப்னியை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கம்பி சுலபமாகச் சுழல்கிறதா, தட்டின் ஓரம் உதிர்கிறதா, மேலே குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் துரு செதில் செதிலாகக் கொட்டுகிறதா என்று பாருங்கள். சட்டம் கொட்டுகிறது என்றால் ஸ்டெப்னியை எங்கே வைப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டு, வேறு வண்டி பாருங்கள்.