மேட்டாங்காட்டுக்கு எது: கிளுவையா, நாகதாளியா, முள்ளில்லாக் கள்ளியா?

சித்திரையில் சோளத்தட்டுப் போர் கரைந்துபோய், பண்டம்பாடிகளுக்கு என்ன போடுவது என்று கையைப் பிசையும் நேரத்தில் முள்ளில்லாக் கள்ளி மேல் கண் போவது இயல்பு. ஜோத்பூரிலும் ஜான்சியிலும் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் அதை வறண்ட நிலத் தீவனமாகச் சோதித்திருக்கின்றன. காங்கேயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து மேட்டாங்காட்டில் அதை நடலாமா? நடலாம். ஆனால் நடுவதற்கு முன், அதன் முரட்டுச் சொந்தமான நாகதாளியையும், கிளுவை மர வேலி போட்ட நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

நாகதாளியை, அதாவது சப்பாத்திக்கள்ளியை, முதலிலேயே தள்ளிவிடலாம். வேலிக்குச் செலவில்லை, பழம் ருசி, எல்லாம் சரிதான். ஆனால் ஒடிந்து விழுந்த மடல் விழுந்த இடத்திலேயே வேர் பிடிக்கும். பழத்தைத் தின்ற பறவை விதையை அடுத்த காட்டில் போடும். சுணைமுள் ஆட்டின் வாயைப் புண்ணாக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தச் செடி ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கரை அடைத்துக்கொண்டு நின்றது. இன்று சத்தியமங்கலம், மாயாறு பக்கத்து வறண்ட காடுகளில் தென்படுகிறது. ஊருக்குள் அங்கங்கே ஒரு புதராக ஒடுங்கிவிட்டது. அப்படி ஒடுக்கியது மண்வெட்டியோ தீயோ அல்ல, ஒரு பூச்சி. முள்ளில்லாக் கள்ளி நட நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதையும் அதுதான்.

1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு ஒரு கொச்சினீல் பூச்சி வந்தது. சிவப்புச் சாயத்துக்குப் பேர்போன உயர்ந்த வகை என்று நம்பித்தான் கொண்டுவந்தார்கள். வந்ததோ டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்ற வேறு இனம், சாயமும் மட்டம். ஆனால் வட இந்தியாவில் பரவிக் கிடந்த மொனகாந்தா என்ற கள்ளி வகையை அது தின்றே அழித்தது. அதைப் பார்த்துவிட்டு 1836 வாக்கில் தென்னிந்தியாவுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். களையை ஒழிக்க வேண்டுமென்றே பூச்சியைக் கொண்டுபோய் விட்டதில் உலகின் முதல் முயற்சிகளுள் ஒன்று இது. மொனகாந்தா போனது, நம் நாகதாளியை மட்டும் அந்தப் பூச்சி சீண்டவே இல்லை. 1926இல் இலங்கை வழியாக டாக்டிலோபியஸ் ஒபுன்ஷியே என்ற இன்னொரு இனம் வந்த பிறகுதான் நாகதாளிக்கு முடிவு வந்தது. சில ஆண்டுகளிலேயே பெரும்பரப்பு வெளுத்துச் சரிந்தது.

இரண்டு பூச்சியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மடலில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு. ஆனால் எதைத் தின்னும் என்பதில் இரண்டுக்கும் ஒட்டே கிடையாது.

இந்தத் தேர்வு இன்னும் நுணுக்கமானது. தென்னாப்பிரிக்காவில் ஒபுன்ஷியே இனத்துக்குள்ளேயே இரண்டு பிரிவுகளைப் பிரித்தறிந்தார்கள். ஒன்று நாகதாளிக் கூட்டத்தில் செழிக்கும், மற்றது தோட்டக் கள்ளியான பிக்கஸ் இண்டிகாவில் செழிக்கும். முள்ளில்லாக் கள்ளி பெரும்பாலும் இந்தப் பிக்கஸ் இண்டிகாதான். நம் நாட்டுக்கு வந்த பூச்சி நாகதாளிக்காகவே வந்தது. ஆகவே ஊர்ப் புதரில் உள்ள பூச்சியைவிட, வெளியிலிருந்து நடவு மடலோடு ஒட்டிவரக்கூடிய பூச்சியை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பயம் வீணல்ல. பிரேசிலின் வடகிழக்கில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே இனம் தீவனக் கள்ளித் தோட்டங்களைச் சூறையாடியது. மொராக்கோவில் 2014இல் தலைகாட்டி, பழத்துக்கும் வேலிக்கும் கள்ளியை நம்பியிருந்த கிராமங்களை மொட்டையாக்கியது. நமக்குக் காடு மீட்டுத் தந்த அதே இனம்தான் அங்கே பிழைப்பைப் பறித்தது.

சரி, பூச்சி வராது என்றே வைத்துக்கொள்வோம். தீவனமாக அது எப்படி? மடலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் கோடையில் அது சாதாரண விஷயமல்ல. இரவில்தான் இலைத்துளை திறந்து மூச்சுவிடும் செடி என்பதால் குறைந்த மழையிலும் வளரும். ஆனால் புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் போட்டால் மாடு கழியும். நறுக்கி, தட்டோடோ வைக்கோலோடோ கலந்து, புரதத்துக்குப் பிண்ணாக்கோ தழையோ சேர்த்துத்தான் தர வேண்டும். தண்ணீர் தேங்கும் நிலத்தில் அழுகிவிடும்.

கிளுவை வேலிக் கொறங்காட்டை இதனோடு ஒப்பிட்டால் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. மழைக்காலத்தில் போத்து வெட்டி ஊன்றினால் கிளுவை உயிர்வேலியாகும், வெள்ளாடு தழையும் கடிக்கும். உள்ளே கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல மரத்தின் நிழலும் காயும். காங்கேயம் மாடு இதில் மேய்ந்து வளர்ந்த இனம். ஒரு பூச்சி வந்து ஒரே பருவத்தில் மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போக முடியாது. புல் காய்ந்தால் மரம், மரம் ஓய்ந்தால் வேலி என்று ஏதாவது ஒன்று நிற்கும். இதை உழுதுவிட்டுக் கள்ளி நடுவது பெரிய தப்பு.

ஆகவே என் கணக்கு இது. கொறங்காடு அப்படியே இருக்கட்டும். கல்லும் சரளையுமான மேட்டில் பத்து இருபது சென்ட் மட்டும் முள்ளில்லாக் கள்ளி போடுங்கள், கோடைக்குத் தண்ணீர்த் தீவனமாக. நடவு மடலை ஆராய்ச்சி நிலையத்தில் வாங்குங்கள். வாங்கியதைத் தனியாக நிழலில் உலர்த்தும்போது ஒவ்வொரு மடலின் கண்ணையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் நசுக்கிப் பாருங்கள், சிவந்தால் அந்த மடலைக் கொளுத்திவிடுங்கள். தோட்டத்தில் பிறகு தென்பட்டால் அந்த மடலை அப்போதே வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஆனால் வேலியோரத்து நாகதாளியில் அதே பஞ்சு இருந்தால் மருந்தடிக்காதீர்கள். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரியும் மரவள்ளியும் பட்டபாடு நமக்குத் தெரியும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவிபோல நமக்காக வேலை செய்கிற பூச்சியை விட்டுவைக்க வேண்டும். நாகதாளியில் இருப்பதும் அப்படிப்பட்டதுதான். புதிதாக நடும் கள்ளியை மட்டும் அந்தப் புதரிலிருந்து எட்டவே வையுங்கள்.