லீட்ஸ் யுனைடெட்: கால் நூற்றாண்டு ரசிகனின் அனுபவப் பகிர்வு

நான் லீட்ஸ் யுனைடெட் என்ற இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பின் ரசிகன் ஆனது 2000-01 பருவத்தில். ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீகில், ஏசி மிலானும் பார்சிலோனாவும் இருந்த பிரிவிலிருந்து அந்த இளம் அணி தப்பி மேலே வந்தது. லாசியோவை ரோமிலேயே வென்றது. காலிறுதியின் முதல் ஆட்டத்தில் டெபோர்டிவோவை 3-0 என்று புரட்டிப் போட்டது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் வாலென்சியாவிடம் தோற்றபோதுகூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வயது இருக்கிறது, திறமை இருக்கிறது, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆறே ஆண்டுகளில் அதே கிளப் இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில் கிடந்தது.

ஒரு கிளப்போடு இவ்வளவு காலம் இருந்தபின் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும். லீட்ஸின் ஏற்ற இறக்கங்களைப் புரிந்துகொள்ள மைதானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கிளப் பிறந்ததே பணத் தகராறில்தான். இதற்கு முன் அந்த ஊரில் இருந்த லீட்ஸ் சிட்டி, முதல் உலகப் போர்க் காலத்தில் வீரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்த புகாரில் 1919-ல் லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதே ஆண்டு லீட்ஸ் யுனைடெட் உருவானது. 1961-ல் டான் ரெவி பயிற்சியாளராகப் பொறுப்பேற்கும்வரை சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ரெவி ரியல் மாட்ரிட்டைப் பார்த்து அணிக்கு வெள்ளைச் சட்டை போட்டார், 1969-லும் 1974-லும் லீகை வென்று கொடுத்தார். ஆனால் அவர் காலத்தில் ஐந்து முறை இரண்டாம் இடம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை அப்போதே தொடங்கிவிட்டது. பிறகு 1982-ல் இரண்டாம் அடுக்குக்குக் கீழே போய், 1990-ல் மேலே வந்து, இன்றைய முதல் அடுக்கான ப்ரீமியர் லீக் பிறப்பதற்கு முந்தைய கடைசிப் பருவமான 1991-92-ல் ஹோவர்ட் வில்கின்சனின் தலைமையில் சாம்பியன் ஆனார்கள். சில மாதங்களிலேயே நட்சத்திர வீரர் எரிக் கன்டோனாவைப் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். பழைய ரசிகர்கள் இன்றும் ஆறாமல் பேசும் விஷயம் அது.

இனி நான் கண்ணால் பார்த்த காலம். தலைவர் பீட்டர் ரிட்ஸ்டேலின் நிர்வாகம் அகலக்கால் வைத்தது. வருங்கால டிக்கெட் வருமானத்தை அடமானமாகக் காட்டி 60 மில்லியன் பவுண்ட் கடன் வாங்கினார்கள். ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவோம், அந்தப் பணத்தில் கடனை அடைப்போம் என்பதுதான் கணக்கு. அரையிறுதி வரை போன அதே பருவத்தில் லீட்ஸ் இங்கிலாந்து லீகில் நான்காவது. அப்போது முதல் மூன்று இடங்களுக்குத்தான் சாம்பியன்ஸ் லீக். மூன்றாவது வந்த லிவர்பூலுக்கும் லீட்ஸுக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அடுத்த பருவத்தில், 2002 புத்தாண்டு நாளில், லீக் பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் கடைசியில் ஐந்தாவதாக முடித்தார்கள். அவ்வளவுதான், கணக்கு உடைந்தது.

அதன்பின் வீரர்களை விற்கும் ஒவ்வொரு காலமும் ரசிகனுக்கு வயிற்றைக் கலக்கும். ரியோ ஃபெர்டினாண்ட் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். ராபி கீன், லீ போயர், ஜோனத்தன் வுட்கேட், ஹாரி கியூவெல் என்று வரிசையாகக் கிளம்பினார்கள், சிலர் அடிமாட்டு விலைக்கு. ராபி ஃபவுலர் விஷயம்தான் எனக்கு இன்னும் நெஞ்சில் முள். அவரை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்ற பிறகும் சம்பளத்தில் ஒரு பகுதியை லீட்ஸே கட்டிக்கொண்டிருந்தது. எதிரணிக்கு ஆடுகிறவருக்கு நம் கிளப் சம்பளம் கொடுக்கிறது என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருக்கும், பாருங்கள். 2004-ல் இரண்டாம் அடுக்குக்குத் தரமிறக்கம். அதே ஆண்டு சொந்த மைதானமான எல்லண்ட் ரோடையும் விற்றார்கள். அதை மீட்க 2017 ஆனது. 2007 மே மாதம் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 10 புள்ளிகள் பறிபோயின, மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. அடுத்த பருவம் தொடங்கும் முன்பே இன்னும் 15 புள்ளிகள் கழிக்கப்பட்டன.

தொலைக்காட்சியில் லீட்ஸ் ஆட்டமே அபூர்வமாகிவிட்ட காலம் அது. கணினித் திரையில் ஸ்கோர் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆட்டம் பார்ப்பது. ஆனால் என் கால் நூற்றாண்டில் மிகப் பிடித்த பகுதி எது என்று கேட்டால், யோசிக்காமல் இந்த மூன்று பருவங்களைத்தான் சொல்வேன். கழித்த 15 புள்ளிகளோடு தொடங்கிய அணி முதல் ஏழு ஆட்டங்களையும் வென்றது! அந்தக் கழிவு இல்லாவிட்டால் 91 புள்ளிகளோடு இரண்டாம் இடம், நேரடி உயர்வு. கழிவோடு ஐந்தாம் இடம், உயர்வுக்கான கடைசி இடத்தைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் ஆட்டங்கள், அதன் இறுதியில் டான்காஸ்டரிடம் 0-1 தோல்வி.

அப்புறம் 2010 ஜனவரி 3. எல்லா அடுக்குக் கிளப்களும் மோதும் எஃப்ஏ கோப்பையின் மூன்றாம் சுற்று, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானம், எதிரில் நடப்பு லீக் சாம்பியன். 19-வது நிமிடத்தில் ஜானி ஹவுசன் தன் பாதியிலிருந்து நீளமாக ஒரு பந்து போட்டார். ஜெர்மைன் பெக்ஃபோர்ட் ஓடிப்போய் எடுத்தார், முதல் தொடுதல் சற்றே விலகியது, விழுந்துவிடாமல் இடது காலால் தள்ளினார். பந்து மெதுவாக உருண்டு வலைக்குள் போனது. பெக்ஃபோர்ட் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கார் கண்ணாடி மாற்றும் வேலை பார்த்தவர். 1-0. அந்த மைதானத்தில் லீட்ஸ் கடைசியாக வென்றது 1981-ல். அந்த ஆண்டு மே மாதம், மேக்ஸ் கிராடெல் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேரோடு ஆடி, பிரிஸ்டல் ரோவர்ஸை 2-1 என்று வென்று இரண்டாம் அடுக்குக்கு உயர்ந்தார்கள். இரண்டு கோல்கள் அடித்ததும் ஹவுசனும் பெக்ஃபோர்டும்தான்.

அதற்கடுத்த எட்டு ஆண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். உரிமையாளர் மாறுவார், பயிற்சியாளர் மாறுவார், பட்டியலில் இடம் மட்டும் பெரிதாக மாறாது.

2018 ஜூனில் பயிற்சியாளராக மார்செலோ பியெல்சா வந்தார். ஒரு ரசிகர் டிக்கெட் வாங்க எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று விசாரித்து, மூன்று மணி நேரம் என்று தெரிந்ததும், வீரர்களை அதே மூன்று மணி நேரம் பயிற்சி மைதானத்தைச் சுற்றிக் குப்பை பொறுக்கச் சொன்னவர் அவர். கிளப்பின் வருமானம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்று வீரர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 2019 ஏப்ரலில் ஆஸ்டன் வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்கையில் லீட்ஸ் கோல் போட, பெரிய கைகலப்பு. பியெல்சா தன் வீரர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லி, வில்லா பதில் கோல் போட வழிவிட்டார். உயர்வுக்கான போட்டி நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஆட்டம் 1-1. பிளே ஆஃப் அரையிறுதியில் டெர்பியிடம் தோற்று அந்தப் பருவமும் கைநழுவியது. இருந்தாலும் அந்த முடிவு சரிதான் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

2020 ஜூலையில், 16 ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டாம் அடுக்கின் சாம்பியனாக ப்ரீமியர் லீகுக்கு மேலே வந்தார்கள். பெருந்தொற்றுக் காலம், அரங்கம் காலி. முதல் பருவத்திலேயே 59 புள்ளிகளோடு ஒன்பதாம் இடம். 2022 பிப்ரவரியில் பியெல்சாவை நீக்கினார்கள். முடிவுகள் மோசம்தான், ஆனால் அவருக்குப் பின் என்ன என்பதற்கு உருப்படியான திட்டம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஓராண்டு தப்பி, 2023-ல் மறுபடி தரமிறக்கம். 2024 பிளே ஆஃப் இறுதியில் சவுத்தாம்ப்டனிடம் தோல்வி. பயிற்சியாளர் டேனியல் ஃபார்க்கேயின் அணி 2025-ல் இரண்டாம் அடுக்கில் 100 புள்ளிகள் எடுத்தது. பர்ன்லிக்கும் அதே 100. கோல் வித்தியாசத்தில் பட்டம் லீட்ஸுக்கு.

கோப்பைகள்தான் வேண்டும் என்றால் இந்தக் கிளப் உங்களுக்கு ஒத்துவராது. நான் ரசிகனான பிறகு கிடைத்ததெல்லாம் இரண்டாம் அடுக்குப் பட்டங்கள்தான். ஒரு அணி விழுவதையும் எழுவதையும் ஏன், எப்படி என்று விளங்கிக்கொண்டே பின்தொடரப் பிடிக்கும் என்றால் தயங்காமல் வாருங்கள். பழைய ஆட்டங்களில் 2010 ஓல்ட் டிராஃபர்டை முதலில் பாருங்கள். அடுத்து 2020 செப்டம்பரில் லிவர்பூலிடம் 3-4 என்று தோற்ற ஆட்டம். நடப்பு சாம்பியனின் மைதானத்தில் மூன்று முறை பின்தங்கி மூன்று முறையும் சமன் செய்தார்கள். தோற்ற ஆட்டத்தையே சிபாரிசு செய்கிறேன். பார்த்தால் ஏன் என்று தெரிந்துவிடும்.