ரைசன் 5 5600-ஆ, ஐ5 12400எஃப்-ஆ?

கையைக் கடிக்காத விலையில் டெஸ்க்டாப் கட்ட நினைப்பவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்பது ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் ஐ5 12400எஃப் என்ற இந்த இரண்டு பிராசஸர்களில்தான். இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டிலும் 6 கோர் (வேலை செய்யும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), உச்ச வேகமும் அதே 4.4 கிகாஹெர்ட்ஸ். கேமில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அதனால் அந்தச் சண்டையை விட்டுவிட்டு மதர்போர்டைப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏஎம்4 போர்டு (ரைசன் சிப் உட்காரும் ஏஎம்டி சாக்கெட் கொண்ட மதர்போர்டு) இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: போர்டு கம்பெனியின் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று பார்த்து, பயாஸை (கணினியைத் தொடக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்து, பழைய சிப்பைக் கழற்றிவிட்டு இதைப் போடுங்கள், ராம் கூட மாற்ற வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு என் ஓட்டு இன்டெலுக்குத்தான். பின்னாளில் அதே போர்டில் 13, 14-ஆம் தலைமுறை சிப் ஏற்றலாம்; ஏஎம்4-இல் ரைசன் 5000 வரிசையோடு சரி. ஆனால் டிடிஆர்4 போர்டா டிடிஆர்5 போர்டா என்று கவனித்து வாங்குங்கள், ஒன்றின் ராம் மற்றதில் உட்காராது.

அப்புறம், இரண்டிலுமே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் மானிட்டரை மதர்போர்டில் சொருகினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். கார்டு இப்போதைக்கு வேண்டாம் என்றால் எஃப் இல்லாத 12400 வாங்குங்கள். ரைசனில் 5600ஜி இருக்கிறது, ஆனால் அதில் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16தான், கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையும் பழைய 3.0தான், பிறகு நல்ல கார்டு போடும்போது அது உறுத்தும்.