லூபஸ்: எந்த மருத்துவரிடம் போவது?

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குவதுதான் லூபஸ். தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம் என்று எங்கே வேண்டுமானாலும் தலைகாட்டும். யாரைப் பார்ப்பது என்ற குழப்பம் அதனால்தான் வருகிறது.

முகத்தில் சிவந்த தடிப்பு வந்தவர்கள் முதலில் தோல் மருத்துவரிடம் போவது இயல்பு. தடிப்பு இரு கன்னங்களிலும் மூக்குத்தண்டிலும் படர்ந்து, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தால் அவர் உடனே சந்தேகப்படுவார். வட்டத் தடிப்பாக வந்து தழும்பு விடும் டிஸ்காய்ட் வகை லூபஸ் தோலோடு நின்றால் அவரே போதும். மூட்டு வலி, விடாத காய்ச்சல், கால் வீக்கம் சேர்ந்துவிட்டால் போதாது.

சிறுநீரில் நுரை நிற்கிறதா? சிறுநீரில் புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் புரதம்–கிரியேட்டினின் விகிதம் 0.5ஐத் (கிராமுக்குக் கிராம்) தாண்டினால் சிறுநீரக மருத்துவர் தேவை. பெரும்பாலும் பயாப்சியும் (சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டியிருக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) சரியாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். அது ஏறும்போது சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும்.

பல உறுப்புகளில் பரவிய லூபஸுக்கு மையமாக இருக்க வேண்டியவர் வாதநோய் நிபுணர்தான் (ருமட்டாலஜிஸ்ட்). ஆளுக்கொரு மருத்துவர் தனித்தனியாக ஸ்டீராய்டு எழுதினால் மொத்த அளவு யார் கணக்கிலும் வராது. ஏஎன்ஏ (சொந்த செல்களின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்ற ஒரே தாளை வைத்து அவர் லூபஸ் என்று சொல்ல மாட்டார். 1:80 அளவில், அதாவது ரத்தநீரை 80 மடங்கு நீர்த்துப் பார்க்கும்போது, ஆரோக்கியமானவர்களிலும் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் அது வரும். டிஎஸ்-டிஎன்ஏ எதிர்ப்பொருள், சி3, சி4 என்ற எதிர்ப்பாற்றல் புரதங்கள், ரத்த அணுக்கள், சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்.

நல்ல நிபுணரா என்பதை மருந்துச் சீட்டே காட்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஏறக்குறைய எல்லா லூபஸ் நோயாளிக்கும் அடிப்படை மருந்து. எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 60 கிலோ உள்ளவருக்கு 300 மில்லிகிராம். 200 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று கொடுப்பார்கள். தொடக்கத்தில் ஒரு விழித்திரைப் பரிசோதனை, 5 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும். சிறுநீரகம் பழுதென்றால் இன்னும் முன்னதாகவே. எடையே பார்க்காமல் எழுதினால் கேள்வி கேளுங்கள். ஸ்டீராய்டை எப்போது, எவ்வளவு குறைப்பார் என்றும் கேளுங்கள். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளைக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவதுதான் குறி. நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். குழந்தைத் திட்டம் உண்டா என்று கேட்காமலே ஒரு பெண்ணுக்கு நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மைகோபீனோலேட் எழுதுவது பெரிய தவறு: அது கருவைக் குலைக்கும், கருத்தரிப்பதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது தடிப்பு தெரிந்த நாளில் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். மருத்துவரைப் பார்க்கும் அன்றைக்கு அது மறைந்திருக்கலாம்.